மிதப்பவை, மூழ்குபவை

மீமிசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே தொடக்கப் பள்ளியில் நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். கடலை அதுவரை சினிமாவில் மட்டும் பார்த்தவர். வகுப்பறைக்குள் ஒரு நண்டு வந்ததற்கே நாற்காலி மேல் ஏறி நின்றவர். ஆனால் பாடம் நடத்துவதில் அவருக்குப் பயமே கிடையாது. தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துப் படிப்போம். வரைந்ததெல்லாம் தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கும். யார் எதைச் சொன்னாலும், "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "நீங்கதான் டீச்சர் சொன்னீங்க" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "நான் சொன்னா சரியா? நீ செஞ்சு பாத்தியா?" என்பார்.

ஒருநாள் நீல நிற பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னார். எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் எல்லோரும் சுவர்ப்பலகையில் எழுத வேண்டும். பிறகுதான் தொட்டியில் போட வேண்டும். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு, புளியங்கொட்டை, சங்கு எல்லாம் வந்தன. நான் உடைந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு தெர்மாகோல் துண்டு கொண்டுபோயிருந்தேன். ஒரு பெண் பாவாடையில் முடிந்து காரப்பொடி மீன் கொண்டுவந்திருந்தாள்.

"மீன் மிதக்குமா, மூழ்குமா?" என்றார் டீச்சர்.

"உசுரோட இருந்தா நீந்தும் டீச்சர்."

"இது செத்துப்போச்சே."

"அப்படின்னா முங்கும். நாறுனாத்தான் மெதக்கும்."

"நாறுற வரைக்கும் இங்கனயே வச்சுப் பாப்பமா டீச்சர்?" என்றேன் நான்.

டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா வலையைப் பிரித்தபடியே, "ஈயம் முங்கும், தெர்மாகோல் மெதக்கும்னு சொல்லித்தர ஒரு டீச்சரு, அதுக்கு ஒரு சம்பளமா? எங்கூடப் படகுல வந்தா நானே காமிச்சிருப்பேனேடா" என்றார். அம்மா விடவில்லை. "நீங்க சொன்னா அது பேச்சு. டீச்சர் சொன்னா பாடம்" என்றாள். அப்பா அதற்கும் சிரித்தார். அவர் சிரிப்பில் எப்போதும் கொஞ்சம் இருமலும் சேர்ந்து வரும்.

அந்தக் கார்த்திகையில் காற்று திடீரென்று திரும்பியதில் அப்பா போன படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரையும் வேறொரு படகுக்காரர்கள் தூக்கிக் கரைசேர்த்தார்கள். அப்பா வரவில்லை. "அண்ணன் தெர்மாகோல் பெட்டியப் புடிச்சிருந்துச்சு. ஒரு அலை வந்துச்சு. அப்பறம் காணோம்" என்றார் பிழைத்து வந்தவர்களில் ஒருவர். படகுகள் போய்த் தேடின. அதிகாரிகள் வந்து கேட்டுப் போனார்கள். அக்கரையில் கரையேறியிருப்பார், இலங்கைக்காரன் பிடித்து ஜெயிலில் வைத்திருப்பான் என்றார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஜெயிலில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் கோயிலில் வேண்டிக்கொண்டது அப்போதுதான்.

ஜெயிலிலிருந்தும் தகவல் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் அத்தையும் சொந்தக்காரர்களும் வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அம்மா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்குத்தான்த்தா இப்படியே இருக்குறது? ஒடம்பு கெடைக்காட்டியும் கல்லை ஊனிக் காரியத்தச் செஞ்சிரணும். அவன் போயிட்டான்த்தா" என்றார் பெரியப்பா.

காரியம் என்றால் அம்மாவின் கழுத்துத் தாலி இறங்கும். அது எனக்கும் தெரியும்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் பெரியப்பா?" என்றேன்.

எதிர்த்துப் பேசவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் கேட்பது போலத்தான் கேட்டேன். "வாயப் பாரு. படிக்கப் போட்டா இப்படித்தான்" என்றாள் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நான் கொல்லைக்கு ஓடி ஒரு தெர்மாகோல் பெட்டியின் மூடியைக் கொண்டுவந்தேன். தண்ணீர் இருந்த அண்டாவில் அதைப் போட்டேன். "அப்பா இதத்தான் புடிச்சிருக்காரு. இது முங்குற வரைக்கும் அப்பாவும் முங்க மாட்டாரு. முங்குதான்னு வச்சுப் பாப்போம்" என்றேன்.

யாரோ விசும்பினார்கள். அம்மா நிமிர்ந்து அண்டாவைப் பார்த்தாள். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "புள்ள சோதனை வச்சிருக்கான். அது முடியட்டும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சோதனையாம்ல... இதுக்கு மேல என்னடா சோதனை" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கடல்தண்ணீரில் வைத்தால்தான் சோதனை சரியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். படகு கவிழ்ந்த நாளிலிருந்து கடற்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத அம்மா, குடத்தை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். அண்டாவில் இருந்ததைக் கொட்டிவிட்டுக் கடல்தண்ணீரை நிரப்பினோம். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை அண்டாவைப் பார்ப்பதுதான். "மெதக்குதும்மா" என்பேன். "மெதக்குதாய்யா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு அம்மா உலை வைப்பாள். தலை வாரிக்கொண்டாள். என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். அண்டாவில் வாய் வைக்க வந்த கோழியை அவள் விரட்டிய வேகத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரு சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நான் பெருமையாக அண்டாவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் அதன் பக்கத்தில் குந்தி, மூடியை ஒரு விரலால் தொட்டார். அது லேசாக ஆடி நின்றது.

"புள்ள சரியாத்தான டீச்சர் செஞ்சிருக்கான்?" என்றாள் அம்மா.

"சரியாத்தாங்க்கா செஞ்சிருக்கான்."

"வேற ஏதாச்சும் வைக்கணுமா? ஏதும் விட்டுப்போச்சா?"

டீச்சர் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கடைசி பஸ்ஸு போயிரும்க்கா, வாரேன்" என்று எழுந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று நான் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை.

மறுநாள் விடிந்து நான் எழுந்துவந்தபோது அம்மா அண்டாவுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். முழங்கைவரை கை தண்ணீருக்குள் இருந்தது. இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, உடம்பை அதன் மேல் சாய்த்திருந்தாள். மூடி அமுங்கி ஒரு பக்கமாகச் சரிந்தது. கை வழுக்கியது. மறுபடி பிடித்தாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ தெரியாது. சேலை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அம்மா! அமுக்காதம்மா! சோதனை கெட்டுப்போயிரும்!" என்று கத்தினேன்.

அவள் கையை எடுத்தாள். மூடி விருட்டென்று மேலே வந்தது.

"அமுக்கலய்யா" என்றாள். "கையி எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாத்தேன்."

அன்றைக்குக் காலையிலேயே அம்மா பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்பினாள். மத்தியானம் அவர் வந்தார். பின்னாலேயே அத்தையும் மற்றவர்களும் வந்தார்கள். அத்தை கையில் மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. நான் வாசலிலேயே நின்று பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அண்டாவைக் காட்டினேன். "பாருங்க பெரியப்பா, இன்னும் முங்கல" என்றேன். அவர் பார்த்தார். என் தலையில் கையை வைத்து, "ஆமாடா தம்பி, முங்கல" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார்.

பெரியவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள், என் சோதனை ஜெயித்துவிட்டது என்று டீச்சரிடம் சொல்ல நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.