கனமாக இருந்த தண்ணீர் பாட்டில்

எரியோட்டிலிருந்து திண்டுக்கல் போவதற்குள் என் ஐந்து வயது மகனுக்காக இரண்டு முறை பஸ்ஸை நிறுத்த வேண்டும். ஓயாமல் தண்ணீர் குடிப்பான். குடித்ததெல்லாம் உடனே சிறுநீராகப் போய்விடும். சர்க்கரை இல்லை. நீரைத் தேக்கச் சொல்லும் உடம்பின் உத்தரவு இவன் சிறுநீரகத்துக்கு எட்டுவதில்லை, அபூர்வமான கோளாறு என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். கால் வீக்கத்துக்கு என் மாமியார் சாப்பிடும் அதே மாத்திரை.

"இது நீர் பிரியறதுக்குல்ல குடுப்பாங்க?"

"மத்தவங்களுக்கு அப்படித்தாம்மா. இவனுக்குக் குறைக்கும்."

நான் நம்பவில்லை. ஆனாலும் தினமும் கொடுத்தேன். அடுத்த மாதம் அதே பஸ். வழக்கமாக நிற்கும் வேப்பமரம் வந்ததும் கண்டக்டர் திரும்பினார்.

"தம்பி இறங்கலையாக்கா?"

அவன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். திண்டுக்கல்லில் இறங்கும்போது பாட்டிலைத் தூக்கினேன். பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. அந்தக் கனத்துக்காக பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.