ஒரு குப்பிக்கு இரண்டு வரைபடங்கள்

2023 ஆகஸ்டு 6, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். இரவு மழை பெய்திருந்தது. வாசல் சிமெண்டு காயவில்லை. இரண்டு சப்பாத்தி, முந்தைய நாள் பருப்பு. ஏழு முப்பத்தைந்துக்கு லூனாஸ் வீட்டைப் பூட்டிவிட்டு காடியை ஓட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் எங்களுக்கு வாரம் ஞாயிறு காலையில்தான் தொடங்கும்.

கூலிம் பக்கத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வெளியிலிருந்து வரும் பொடிகளைப் பதிவேட்டில் ஏற்றி, எக்ஸ்ரே கருவியில் வைத்து, வரைபடம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பதினான்கு வருடமாகப் பதிவேடு என் கையில் இருக்கிறது.

எட்டு ஐந்துக்கு வாயிற்காவலர் அண்ணன் ஒரு சிறிய பெட்டியை நீட்டினார்.

"உங்களுக்குச் சாமான் வந்திருக்கு தங்கச்சி. வியாழக்கிழமை சாயங்காலமே வந்திருச்சி. சாமி படத்துக்குப் பக்கத்துல பத்திரமா வெச்சிருந்தேன் லா."

"மூணு நாளா இங்கயே இருந்துச்சா அண்ணே?"

"பின்ன? வெள்ளிக்கிழமை உள்ள யாரு இருக்கா? நானும் பூனையும்தான்."

அனுப்பியவள் பினாங்கில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி. அங்கே வெள்ளிக்கிழமை வேலை நாள். இங்கேயும் ஆள் இருக்கும் என்று நினைத்து அனுப்பிவிட்டாள். பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாரக் கடைசி வேறு வேறு என்பதை எல்லோரும் ஒரு தடவையாவது மறந்திருக்கிறோம்.

பெட்டியைப் பிரித்தேன். ஒரு குப்பி, அதில் வெள்ளைப் பொடி, கூடவே அவள் எடுத்த வரைபடம். பதிவேட்டில் எழுதினேன்: 'மூடி அரைத் திருகு தளர்வு.' அதற்கு ஏதோ அர்த்தம் உண்டு என்று நினைத்து எழுதவில்லை. கண்ணில் படுவதை எழுதிவைப்பது வழக்கம்.

அந்தப் பொடி கண்ணுக்கு மாவு போலத்தான் இருக்கும். உள்ளே உலோக அணுக்கள் முடிச்சுகளாகவும், கரிமத் துண்டுகள் அவற்றை இணைக்கும் கம்புகளாகவும், கட்டடச் சாரம் போல நிற்கின்றன. கம்புகளுக்கு நடுவில் எல்லாம் துளை. அந்தத் துளைகளில் வாயுவைப் பிடித்து வைக்கலாம். எக்ஸ்ரே வரைபடத்தில் கோடுகள் எந்த இடத்தில் எழும்புகின்றன என்பதை வைத்து உள்ளே சாரம் எப்படி நிற்கிறது என்று சொல்லிவிடலாம். என்னைப் பொறுத்தவரை அது கைரேகை. ஒருவருடையது இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறாது.

பத்து நாற்பதுக்கு என் வரைபடம் வந்தது. அவளுடையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூடப் பொருந்தவில்லை.

மாணவியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "அக்கா, இது என் சாம்பிளே இல்ல லா. மாத்தி வெச்சிட்டீங்களா?"

"நான் மாத்தல."

"அப்ப எப்படிக்கா? வியாழக்கிழமை ஓவன்லேர்ந்து எடுத்து, சூட்டோட மெஷின்ல போட்டேன். சூப்பரா வந்துச்சி."

என் மேசையில் அன்று இன்னொரு குப்பியும் இருந்தது, வேறு ஒருவருடையது. அதுவும் வெள்ளைப் பொடிதான்.

விஷயம் காதுக்கு எட்டி, பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். குரலை உயர்த்தியே கேட்டதில்லை. ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். 'மாதிரி மாறியதா? ஆம் / இல்லை. காரணம்.'

"மனுசர் எல்லாருக்கும் பிழை வரும். ஆம் எண்டு போட்டுக் கையெழுத்து வையுங்கோ. நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள தந்தால் போதும்."

"அதுக்குப் பிறகு டாக்டர்?"

"பதிவேட்டை வேற ஆள் பார்க்கட்டும். நீங்கள் ஸ்டோருக்குப் போங்கோ. தண்டனை இல்லை. விதி அப்பிடித்தான்."

அவர் போன பிறகு என் குறிப்பைத் திரும்பப் படித்தேன். 9.12, குப்பியை மேசையில் வைத்தேன். 9.15, பொடியைத் தட்டில் பரப்பினேன். நடுவில் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் என்ன செய்தேன்? கையுறை மாற்றினேனா? இன்னொரு குப்பியை நகர்த்தினேனா? யோசிக்க யோசிக்க நகர்த்தியது போலவே தெரிந்தது. அந்தக் குப்பியின் நீல மூடி விரலில் பட்ட ஞாபகம்கூட வந்தது. பிறகு பார்த்தால் அந்த மூடி நீலமே இல்லை, சிவப்பு.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. அவள் சொன்ன 'சூட்டோட' என்ற சொல் மட்டும் மனதில் சுற்றியது. குப்பிகள் இரண்டையும் பூட்டி வைத்தேன். காலையில் கருவியில் வைத்த அதே தட்டை, அதே பொடியோடு எடுத்தேன். தட்டில் இருப்பதை யாரும் மாற்ற முடியாது. ஒன்று முப்பதுக்கு அதை வெற்றிட அடுப்பில் வைத்துக் காயவிட்டேன். நான்கு ஐந்துக்கு வெளியே எடுத்து, சூடு ஆறுவதற்குள் கருவியில் வைத்தேன்.

மாணவியின் வரைபடம் வந்தது. கோட்டுக்குக் கோடு அப்படியே.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியென்றால் காலையில் வந்தது யாருடையது? தட்டை ஜன்னல் ஓரத்தில் திறந்து வைத்தேன். ஐந்து பத்துக்கு மறுபடி எடுத்தேன். காலை வரைபடம் திரும்பி வந்தது.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டு முடிக்கும் முன்பே கத்தினாள்.

"அக்கா! அது மூச்சு விடுது! சிலது அப்படி இருக்கும்னு படிச்சிருக்கேன். காத்துல உள்ள தண்ணி துளைக்குள்ள போனா சுருங்கிக்கும். காய வெச்சா விரிஞ்சிக்கும்."

தளர்ந்திருந்த மூடி நினைவுக்கு வந்தது. "தண்ணி போனா ஊதத்தானே செய்யும்? அரிசி ஊறுனா பெருக்குது, பஞ்சு பெருக்குது."

"இது சுருங்கும் லா. உள்ள போன தண்ணி ரெண்டு பக்கச் சுவரையும் பிடிச்சி இழுக்குமாம்."

"தலைகீழா இருக்கே."

"எனக்கே பாதிதான் புரியுது. மீதியை யார்கிட்ட கேக்குறது?"

போகும் வழியில் லூனாஸ் மளிகைக் கடையில் நின்றேன். கடைக்காரர் இரும்பு மடிப்புக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் பட்டைகள், நடுவில் சாய்சதுரத் துளைகள். இழுத்தால் துளைகள் அகலமாகின்றன. தள்ளினால் ஒடுங்கி நெட்டையாகின்றன. ஒரு பட்டையும் நீளவில்லை, ஓர் ஆணியும் கழலவில்லை.

"அண்ணே, இன்னொரு தடவை தள்ளுங்க."

"என்னக்கா, கேட்டை வெலைக்குக் கேக்கப்போறீங்களா?"

மூன்று தடவை தள்ளி இழுத்துக் காட்டினார். பொடிக்குள்ளும் இப்படித்தானோ என்று பட்டது. ஆனால் கடை மூடியிருக்கும்போது துளை திறந்திருக்கிறது. கடை திறந்தால் துளை மூடிக்கொள்கிறது. எதைத் திறந்தது என்று சொல்வது? கதவையாவது ஒரு கை இழுக்கிறது. அங்கே இழுப்பது தண்ணீர் என்றால், அவ்வளவு கொஞ்சத் தண்ணீருக்கு ஒரு சாரத்தையே ஒடுக்கும் பலம் எங்கிருந்து வருகிறது? அப்படியென்றால் இத்தனை வருடம் இந்த ஈரக் காற்றில் திறந்து வைத்து நான் எடுத்த வரைபடங்களில் எத்தனை பாதி உண்மை? தேங்காய் வாங்க வந்தவள் உப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரவு நாட்குறிப்பில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரைபடமும் சரி என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.

மறுநாள் எட்டு பத்துக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். குளிர்சாதனத்தைப் போடுவதற்கு முன்பே படிவத்தை எடுத்தேன். 'மாதிரி மாறியதா?' என்பதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்று வரைபடங்களையும் நேரம் குறித்து அதனுடன் பின் குத்தி இணைத்தேன். பொடி மூச்சு விடுவதை 'காரணம்' என்ற வரியில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதை வெறுமையாகவே விட்டு, படிவத்தைத் தலைவரின் மேசையில் வைத்தேன்.