பூனை உண்டா என்று கேட்டார்கள்

சேலத்தில் நான் வீடு தேடியபோது வீட்டுக்காரர்கள் முதலில் என்ன ஆளுகள் என்று கேட்டார்கள். அடுத்து எத்தனை பேர் என்று கேட்டார்கள். இரண்டுக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இருந்தது. அதன் பிறகு நானே காரியத்தைக் கெடுத்துக்கொள்வேன். "ஒரு பூனையும் இருக்குதுங்க" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. இந்த வயதிலும் அப்படித்தான். கடையில் என் முறை வந்தாலும் பின்னால் நிற்பவனுக்கு வழி விட்டு நிற்பேன். அப்படிப்பட்டவன் தெருத்தெருவாகப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் பூனைக்கு இடம் கேட்டேன் என்றால் அதற்கு என் மனைவிதான் காரணம்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே. நான் சேலத்துக்கு வருவதற்கு முந்தின வருடம் எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. அது போன பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. சோறு வைத்தால் தின்பாள், வேலை சொன்னால் செய்வாள், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் வைக்கோல் போரில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. தாயை நாய்கள் கடித்துக் கொன்றுவிட்டன. மிஞ்சிய ஒரே குட்டிக்கு அவள் துணித்திரியைப் பாலில் நனைத்து ஊட்டினாள். ஒரு நாள் நான் காட்டிலிருந்து வரும்போது வீட்டுக்குள் பேச்சுக் குரல் கேட்டது. "குடி சாமி, மெல்லக் குடி." எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் அந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம்.

மழை பொய்த்துப் பண்ணையத்தில் வேலை இல்லாமல் போனதும் நான் சேலத்துக்கு வந்து ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். நூலைச் சாயத்தில் முக்கிப் பிழிந்து காயப்போடும் வேலை. ஆறு மாதம் பட்டறையிலேயே படுத்துக்கொண்டேன். வீடு பார்த்து அவளை அழைத்துவரலாம் என்று ஊருக்குப் போய்ச் சொன்னபோது அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"சாமி இல்லாத ஊட்டுக்கு நான் வரமாட்டனுங்க."

செவ்வாய்ப்பேட்டையில் நான் கேட்ட முதல் வீட்டுக்காரர் நெசவுக்காரர். தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி நாலு பேர் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். பூனை என்றதும் அவர் அந்த இழைகளைக் காட்டினார்.

"இத நல்லாப் பாருப்பா. ஒரு மாசச் சோறு இது. உம் பூனை ஒரு தாவு தாவி நகத்த மாட்டுச்சுன்னா எத்தன இழை போவும்? நீ வந்து முடிஞ்சு குடுப்பியா?"

கஞ்சி தடவிய ஒருவர், "பூனைக்கும் ஒரு தறியப் போட்டுக் குடுத்துருங்கண்ணா, நெய்யட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வீட்டுக்காரர் நூல் வியாபாரி. காலையில் கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் அன்றைய பொழுது கெட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாமவர் நல்ல மனிதர். நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "வெச்சுக்கலாம். ஆனா அது ஒரு நாளைக்குச் சாவுமில்ல? எங்கூட்டுக்குள்ள செத்துதுன்னா அந்தத் தோசம் ஆருக்கு?" என்று கேட்டார். "எனக்குங்க" என்று சொல்லியிருக்கலாம். அது பட்டறைக்குத் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

நான்காவதாகக் குகைப் பக்கம் ஒரு வளவுக்குப் போனேன். நடுவில் வாசலும் கிணறும், சுற்றிலும் ஐந்து குடித்தனம். நாலு வீட்டில் குழித்தறி ஓடியது. ஐந்தாவது காலியாக இருந்தது. வளவுக்குச் சொந்தக்காரி கணவனை இழந்த ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே பேசினார்.

"ரெண்டே பேரா?"

"ஆமாங்க."

"ஆடு, நாயி, பூனை ஒண்ணும் கெடையாதே? நாலு தறி ஓடுற எடம், பாத்துக்க."

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மூங்கில் கூடையில் பூனையை வைத்து மேலே பழஞ்சேலையைக் கட்டிக் கொண்டுவந்தோம். வளவு வாசலுக்குள் நுழையும்போது அது கத்தியது. என் மனைவி உடனே பலமாக இருமினாள். மறுபடியும் கத்தியது, மறுபடியும் இருமினாள்.

"ஏம்மா, இந்த இருமல் எத்தன நாளா?" என்று வீட்டுக்காரம்மாள் சந்தேகமாகப் பார்த்தார்.

"தூசிங்க, வண்டித் தூசி" என்றேன்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பகலில் பூனையைக் கயிற்றில் கட்டி அடுக்குப்பானைக்குப் பின்னால் வைத்திருப்பாள். இருட்டிய பிறகு அவிழ்த்துவிட்டால் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த சந்து வழியாகப் போய் விடிவதற்குள் திரும்பிவிடும். நான் பட்டறையில் நூலை முக்கிக்கொண்டு நிற்கும்போது இந்நேரம் அது கத்தியிருக்குமா, யாராவது கேட்டிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டிருப்பேன். கை சாயத் தொட்டியில் இருக்கும், காது வளவில் இருக்கும். எதிர்வீட்டு நெசவுக்காரர் ஒரு நாள், "உங்கூட்டுல பகலெல்லாம் சாமி சாமின்னு சத்தம் கேக்குதே, அம்மிணி நெம்பப் பக்தியோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த வருடம் ஆடி கழிந்ததும் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. வேறொரு பேட்டையில் எலி விழுந்திருக்கிறது என்றார்கள். அந்தக் காலத்தில் எலி விழுந்தது என்றால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. முதலில் எலி சாகும், பிறகு மனிதனுக்குக் காய்ச்சல் வரும், அக்குளிலோ தொடை இடுக்கிலோ கட்டி வரும், மூன்றாம் நாள் பாடை. செத்த எலியைக் கண்டால் முனிசிபாலிட்டியில் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து ஓட்டைப் பிரித்து, மருந்து ஊற்றி, எல்லோரையும் வெளியேற்றுவார்கள். ஊருக்கு வெளியே காட்டில் குடிசை போட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். மற்றவர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். குழியில் இறங்கி நிற்கிற தறியை, பாதி நெய்த சேலையை, யார் தூக்கிக்கொண்டு போவது?

ஒரு நாள் விடிந்து நான் வேலைக்குக் கிளம்பும்போது கிணற்றடியில் வளவே நின்றது. எதிர்வீட்டு நெசவுக்காரர் ஒரு பழைய சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் விளிம்புக்கு வெளியே வால் தெரிந்தது.

"வந்துருச்சு" என்றார் அவர். அவருக்கு மூன்று குழந்தைகள். மூன்றையும் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார். "நான் போயிச் சொல்லிட்டு வந்தர்றேன். அவங்க வாரதுக்குள்ள பாத்திரம் பண்டத்தக் கட்டி வையுங்க."

வீட்டுக்காரம்மாள் அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டிலிருந்து பெண்கள் அழுகிற சத்தம் வந்தது.

நான் உள்ளே ஓடினேன். பூனை அடுக்குப்பானைக்குப் பின்னால் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"நம்ம சாமி வேலைதானுங்க" என்றாள் என் மனைவி. முகம் வெளுத்திருந்தது.

"நீ பாத்தியா?"

"பாக்கலீங்க. ஆனா ஊர்ல இருக்கறப்ப இப்படித்தான தெனம் ஒண்ணு கொண்டாந்து போடும்."

பூனையின் வாயை விரித்துப் பார்த்தேன். மீசையை, நகத்தை எல்லாம் பார்த்தேன். ரத்தம் எங்கும் இல்லை. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அதுவரைக்கும் பயந்தது வீடு போய்விடும் என்று. பூனைதான் கொன்றது என்று சொன்னால் நாலு குடும்பமும் தறியை விட்டுப் போக வேண்டியதில்லை. எங்களைத்தான் விரட்டுவார்கள். ஆனால் எலி நோயில் செத்து, அதைப் பூனை கவ்விக்கொண்டு வந்து போட்டிருந்தால்? என் பேச்சை நம்பி இவர்கள் இங்கேயே இருந்து, அந்த மூன்று குழந்தைகளுக்கும் காய்ச்சல் வந்தால்? ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எல்லோரோடும் நாமும் காட்டுக்குப் போவோம், பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

நெசவுக்காரர் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவாசலை நோக்கி நடந்தார். நான் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கையில் பூனையோடு நாலு குடித்தனத்துக்கு முன்னால் நின்றது இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"போகாதீங்க" என்றேன். குரல் சரியாக வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

வீட்டுக்காரம்மாள் பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஆரு பூனை?"

"எங்களுதுங்க. ரெண்டு மாசமா இருக்குதுங்க. அந்த எலிய இதுதான் கொண்டாந்து போட்டிருக்கும்."

தெருவாசல்வரை போயிருந்த நெசவுக்காரர் திரும்பி வந்தார்.

"அட, ரெண்டு மாசமா நீ கும்பிட்ட சாமி இதுதானா?" என்றார். ஒரு பெண் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவர் சட்டியைக் குச்சியால் புரட்டி எலியின் கழுத்தைப் பார்த்தார். "பல்லுப் பட்டிருக்குது. பூனைதான். ஏய்யா, இத அப்பவே சொல்றதுக்கென்ன? எங்க உசுரே போயிருச்சு."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது உசுரோட புடிச்சுதா, செத்தத எடுத்துட்டு வந்துதான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "நாங்க பாக்கல."

வீட்டுக்காரம்மாள் என் மேல் காறித் துப்பாத குறை. "பொய் சொல்லிக் குடி வந்தவன் இப்ப மட்டும் எதுக்கு இத்தன நாயம் பேசற?" என்றார். நெசவுக்காரர் மறுபடியும் துண்டைத் தோளில் போட்டார். போய்ச் சொல்லிவிடுவோம் என்றார் ஒருவர். தறியில் பாவு நிற்கிறதே என்றார் இன்னொருவர். நெடுநேரம் வாதாடினார்கள். கடைசியில் வீட்டுக்காரம்மாள்தான் முடிவு சொன்னார்.

"எலிக்கு நோயிருந்தா அதக் கவ்வுன வாயிக்குத்தான மொதல்ல வரும்? பூனைய எல்லாருங் கண்ணுக்கும் தெரியற மாதிரி கெணத்தடியில கட்டு. இன்னொரு எலி விழுந்தாலும் சரி, அது சுருண்டு படுத்தாலும் சரி, அந்த நிமிசமே சொல்லியனுப்பறது. பத்து நாள் போவட்டும். அப்பறம் உங்க கதையப் பேசிக்கலாம்."

அது சரியான யோசனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எலியை வெளியே கொண்டுபோய் வைக்கோலும் மண்ணெண்ணெயும் போட்டுக் கொளுத்தினோம்.

அந்தப் பத்து நாளும் நான் தூங்கியதாக நினைவில்லை. காலையில் கண் விழித்ததும் என் அக்குளைத் தடவிப் பார்ப்பேன். அவள் அக்குளைத் தடவிப் பார்த்தால் கூச்சத்தில் சிரிப்பாள், எனக்குக் கோபம் வரும். கொஞ்சம் உடம்பு சுட்டாலும் வந்துவிட்டது என்று நினைப்பேன். எதிர்வீட்டுக் குழந்தைகள் மூன்றும் விளையாடுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். வளவிலே யார் எழுந்தாலும் முதலில் கிணற்றடிக்கு வந்து பூனையைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினார்கள்.

ஐந்தாம் நாள் பூனை எழுந்திருக்கவில்லை. தலையைக் கால்களுக்குள் வைத்துக் கிடந்தது. அவள் பால் வைத்தாள், தொடவில்லை. "சாமி, சாமி" என்று முதுகைத் தடவிக்கொண்டு அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றி வளவே நின்றது. நெசவுக்காரர் துண்டைத் தேடினார். அப்போது பூனை வயிற்றை எக்கி எக்கி வாந்தி எடுத்தது. கருவாட்டுத் தலை, சோறு, பாவுக்குத் தடவுகிற கஞ்சி எல்லாம் வந்தது.

"இதுக்குக் கஞ்சி ஊத்துனது ஆரு?" என்று வீட்டுக்காரம்மாள் சத்தம் போட்டார்.

ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். அது செத்துவிடக் கூடாதே என்று நாலு வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் ஆளுக்கு ஒரு வேளை போட்டிருக்கிறார்கள். நெசவுக்காரர் வீட்டிலிருந்து மட்டும் மூன்று கருவாட்டுத் தலை. மாலைக்குள் பூனை புல்லைக் கடித்துத் தின்றுவிட்டு எழுந்து நின்றது.

பத்து நாள் கழிந்து, அதற்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று. வேறு எலி விழவில்லை. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் மாலை வீட்டுக்காரம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தார். காலி செய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று நான் அதற்குள் கூடையை எடுத்து வைத்திருந்தேன். அவர் அந்தக் கூடையைப் பார்த்தார்.

"அத உள்ள வையி. மறுபடியும் தேடிட்டுப் போனா உனக்கு எவன் ஊடு குடுப்பான்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாவு நீட்டற அன்னைக்குக் கயித்துல கெடக்கணும். அப்பறம் இன்னொண்ணு. அது என்னைக்குச் செத்தாலும் அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொல்லணும். பொதைச்சுப்போட்டு ஊமையாட்ட இருந்தறக் கூடாது. அது செத்தா நாங்க அத்தன பேரும் கெளம்பணும், தெரியுதா?"

"சொல்றனுங்க" என்றேன்.

அவர் போன பிறகு என் மனைவி உள்ளேயிருந்து, "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"இருந்துக்கச் சொன்னாங்க" என்றேன். மற்றதை அவளிடம் நான் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய்ப் பூனையின் வயிற்றில் கை வைத்து, மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.