விரதம் முடிந்த பிறகும்

ஈப்போவில் நான் மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் கிளினிக்குக்கு அந்தப் பெண்ணை அழைத்து வந்தவர் அவளுடைய அப்பா. சுங்காய்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவருக்கு வேலை. மகள் பாலர் பள்ளி ஆசிரியை. வெளியே வெயில் கொளுத்தியது. அவளோ கம்பளிச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க மக விரதம் இருந்துச்சு மிஸ். பூசம் முடிஞ்சு எத்தனையோ மாசம் ஆச்சு. அது இன்னும் விரதத்தை விடல," என்றார் அப்பா.

"எனக்கு ஒன்னும் இல்ல மிஸ். அப்பா சும்மா பயப்படுறாரு லா," என்றாள் அவள்.

முதலில் இறைச்சியை விட்டிருக்கிறாள். பிறகு ஒரு வேளைச் சாப்பாடு. பிறகு அதிலும் பாதி. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று கோயிலில் எல்லோரும் மெச்சினார்களாம். உடம்பு வற்றியதைக் கவனித்தவர் அப்பா மட்டும்தான்.

உண்ணுதல் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. கல்லூரியில் அதைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு நடந்திருந்தது. அன்றே அவளைப் பொது மருத்துவமனைக்கு அனுப்பினேன். இதயத்துடிப்பையும் இரத்தத்தையும் சோதித்த டாக்டர் என் சந்தேகம் சரிதான் என்றார். ஆனால் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டுமென்றால் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் கிளினிக்கின் தலைவர் வயதில் மூத்த உளவியலாளர். அவரிடம் போய், இதற்கான பயிற்சியைப் படித்து நானே அவளுக்குச் சிகிச்சை தருகிறேன் என்றேன்.

"தெரியாத வேலையில கை வைக்காதம்மா. இதுல உயிரே போகும்."

"தெரியாததுனாலதான் படிக்கணும்னு சொல்றேன் சார். இவளை விட்டுட்டா இவ வேற எங்கேயும் போகமாட்டா."

டாக்டர் வாராவாரம் அவளைப் பார்க்க வேண்டும், அனுபவமுள்ள ஒருவர் என் வேலையை மேற்பார்வையிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு தலைவர் சம்மதித்தார்.

பயிற்சி முழுவதும் இயங்கலையில், இணையத்தின் வழியாகத்தான். சனிக்கிழமை பிற்பகல்களில் கணினி முன் உட்கார்ந்துவிடுவேன். ஆசிரியை வேறொரு நாட்டுக்காரர். நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அவர் காட்டிய குடும்பங்கள் எல்லாம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஒரு நாள் கையை உயர்த்தி, விரதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். ஊரே புண்ணியம் என்று சொல்வதை நான் நோய் என்று சொல்லலாமா?

அதைத் தன்னால் கற்றுத்தர முடியாது என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். விரதத்தை முடிக்க வேண்டிய நாளில் மனசுக்குள் என்ன நடந்தது என்று அவளிடமே கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அவள் கம்பளிச் சட்டையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருந்துச்சு மிஸ். திரும்பச் சாப்பிட்டா எல்லாம் கையை விட்டுப் போயிரும்னு. சாமிக்குன்னு சொன்னா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்கல்ல."

அதன் பிறகுதான் எங்கள் வேலை உண்மையில் தொடங்கியது. டாக்டரைப் பார்க்க வருவதற்கு மேல் ஈப்போவுக்கு வந்துபோக அவள் உடம்பில் தெம்பில்லை. அதனால் சந்திப்புகளை இயங்கலைக்கு மாற்றினோம். அவர்கள் வீட்டில் இணையம் சரியாகக் கிடைக்காது. அப்பா அவளைக் காரில் பெரிய சாலை வரை கூட்டிவந்து, அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, பேச்சுக் கேட்காத தூரத்தில் மரத்தடியில் நிற்பார்.

சேர்ந்து சாப்பிடுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. திரையின் இந்தப் பக்கம் நான் சோற்றுத் தட்டோடு உட்காருவேன். அந்தப் பக்கம் அவள் மடியில் இடியாப்பம். முதல் நாள் ஒரு வாய் வைத்ததும் அழுதுவிட்டுக் கேமராவை அணைத்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"இருக்கேன் மிஸ்."

"நானும் இருக்கேன்மா. மெதுவா சாப்பிடு."

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவளும் சாப்பிட்டிருக்கிறாள், மிச்சத்தைப் பிறகு காட்டினாள்.

சில வாரங்கள் நன்றாகப் போயின. பிறகு பள்ளியில் பிள்ளைகள் முன்னாலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த வாரம் எனக்கும் சோறு இறங்கவில்லை. என் தட்டில் இருப்பதையே நான் அளந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன். பயிற்சியில் இருந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் இயங்கலையில் ஒரு சிகிச்சையாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அதுவரை அதை ஒரு சடங்காகத்தான் நினைத்திருந்தேன். அன்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், பிறகு அவளைப் போய்ப் பாருங்கள் என்றார். அப்படியே செய்தேன். கட்டிலில் கிடந்தவள் என்னைப் பார்த்ததும், "நீங்க விட்டுருவீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

"விடமாட்டேன். புதன்கிழமை எப்பவும் போல பேசுறோம்," என்றேன்.

அடுத்த தைப்பூசம் வந்தபோது மறுபடியும் விரதம் இருக்கக் கேட்டாள். இந்த ஆண்டு கூடாது என்று டாக்டரும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அத்தைமார் முணுமுணுத்திருக்கிறார்கள். அப்பா அவர்களிடம், "டாக்டர் வேணாம்னுட்டாரு. அது சாப்பிடும். சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்," என்றாராம். இதை எனக்குச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள்.

இப்போது மறுபடியும் பள்ளிக்குப் போகிறாள். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கஷ்டமான வாரங்கள் வருகின்றன. வந்தால் அவளே அழைக்கிறாள்.

நான் படித்ததை இப்போது பேராக் மாநிலப் பள்ளி ஆலோசகர்கள் சிலருக்கு இயங்கலையில் சொல்லித் தருகிறேன். நம்ம ஊர்ச் சாப்பாடு, நம்ம ஊர் விரதம், அத்தைமார் பேச்சு எல்லாம் அதில் உண்டு. போன வாரம் ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து சேர்ந்த ஓர் ஆசிரியர், "ஆம்பளைங்களுக்கும் இது வருமா மிஸ்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வரும் சார். யாரையாவது பார்த்தீங்களா?"

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் அவர் முகம் மட்டும் திரையில் இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க சார்," என்றேன்.