எங்கள் வாள், அவர்கள் மிஷின்

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அப்பா ஒரு வட்ட வாள் வாங்கி வந்தார். மரம் அறுக்கும் மிஷினில் மாட்டுகிற, சுற்றிலும் பல் வைத்த எஃகுத் தட்டு. துறைமுகத்துப் பக்கம் பழைய இரும்புக் கடையில் வாங்கி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஏறி ஓட்டாமல் உருட்டிக்கொண்டே வந்தார். முற்றத்தில் அவிழ்த்து வைத்தபோது அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் மிஷின் கிடையாது.

“இத எங்கன மாட்டப் போறிய?”

“மாட்டுறது கெடக்கட்டும். ஒன் தம்பி வாளவிட ரெண்டு விரல் பெருசு. அளந்து பாத்துத்தான் வாங்குனேன்” என்றார் அப்பா.

அந்தத் தம்பிதான் என் மாமா. அப்பாவும் மாமாவும் பன்னிரண்டு வருஷம் ஒரே வாளை இழுத்தவர்கள். பெரிய மரத்தை உயரத்தில் ஏற்றிக் கட்டி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று, ஆளுயர வாளை இழுத்து இழுத்துத் தோணிக்குப் பலகை அறுப்பார்கள். அப்பா எப்போதும் மேலே. மாமா கீழே நின்று மரத்தூளைக் கண்ணில் வாங்கிக்கொள்வார். பட்டாளம் விட்டுப்போன சாமான்களைத் துறைமுகத்தில் விற்றபோது மாமா ஓர் அறுப்பு மிஷினையும் எண்ணெய் எஞ்சினையும் வாங்கித் தன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். நடுவில் பிளவு விட்ட இரும்பு மேசை. அந்தப் பிளவுக்குள் வாள் சுற்றும். பலகையைத் தள்ளினால் போதும். அதற்குக் கீழே நிற்க ஆள் வேண்டாம், மேலே நிற்கவும் வேண்டாம்.

மாமா அப்பாவைக் கூப்பிடத்தான் செய்தார். இரண்டு தடவை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். அப்பா இரண்டு தடவையும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு எங்களிடம் கத்தினார்: “எனக்குக் கீழ நின்னவன்ட்ட நான் போயி கூலிக்கு நிக்கவா?”

ஆனால் இருவர் இழுக்கிற வாளை ஒருவர் இழுக்க முடியாது. அப்பா உடைந்த ஜன்னலுக்குச் சட்டம் போட்டார். யார் வீட்டு முக்காலிக்கோ கால் வைத்தார். மற்ற நேரங்களில் வட்ட வாளைத் தீட்டினார்.

இரண்டு கட்டைகளுக்கு நடுவே அதை நிறுத்தி இறுக்கி, முதல் பல்லில் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டு, அரத்தால் ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு இழுப்பார். ஒன்றுவிட்டு ஒரு பல்லாக ஒரு பக்கம் முடித்து, பிறகு மறுபக்கம் வந்து உட்காருவார். எல்லாப் பல்லும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்று தூக்கி நின்றாலும் அந்த ஒன்றுதான் அடி வாங்கும் என்பார். எந்த மரத்தையும் தொடாத வாள் எப்படி மழுங்கும் என்று நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அரத்தை எடுத்தால் அம்மா முகம் சுளிப்பாள், கர்த்தருடைய நாளில் வேலை செய்யலாமா என்று. “வேலையா? வேல எங்க இருக்கு?” என்பார் அப்பா.

மூன்றாவது தெருவில் மாமாவின் மிஷின் ஓடுவது எங்கள் முற்றத்துக்குக் கேட்கும். சோற்றில் கை வைத்தபடி அப்பா அதைக் கேட்பார். சத்தம் இழுத்து, முனகி, அழுவதுபோல் ஆகிறபோது அவர் முகம் தெளியும். “பல்லு போயிட்டு. மரத்த அறுக்கல, சுடுதான்” என்று சொல்லி இன்னொரு கை சோறு வாங்குவார். மாமாவுக்குத் தீட்ட வராது. பன்னிரண்டு வருஷமும் தீட்டியது அப்பாதான். மாமா கொட்டகையிலிருந்து வரும் பலகைகளில் ஓரம் கருகியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துச் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் பொறாமை மிஷின்மேல் இல்லை, மாமா மகள்மேல். இருவரும் ஒரே வகுப்பு. அவள் தலையில் மரத்தூளோடு பள்ளிக்கூடம் வருவாள். சிஸ்டர் கேட்டால், “எங்க மிஷின்லருந்து பறக்கு சிஸ்டர்” என்பாள், வேண்டுமென்றே சத்தமாக. ஒருநாள் நானும் அப்பாவின் இழைப்புளி சீவித் தள்ளிய மரச்சுருளைக் கசக்கித் தலையில் தூவிக்கொண்டு போனேன். சிஸ்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் சாயங்காலம் தலை வாரும்போது கேட்டாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் மாமா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அத்தான், வாளு கீறல் விட்டுட்டு. மாட்டுனா வெடிச்சிரும் போல. கொழும்புக்குப் போற கருவாட்டுப் பெட்டி பாதிதான் ஆயிருக்கு. ஒங்க வாளு இல்லேன்னா நான் தொலஞ்சேன்.”

அப்பா மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். மாமா மகளின் முகத்தை மறுநாள் பள்ளிக்கூடத்தில் பார்க்க வேண்டும்.

“நான்தான் மாட்டுவேன்” என்றார் அப்பா. “நான்தான் தீட்டுவேன். வேற ஒருத்தன் அரத்தத் தொடக் கூடாது.”

“வேற யாருக்கு அத்தான் தெரியும்?” என்றார் மாமா.

அன்றே வாள் போனது. வாளோடு அப்பாவும் போனார். பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே கொட்டகைக்குப் போனபோது அப்பா மேசைமுன் நின்று பலகை தள்ளிக்கொண்டிருந்தார். மாமா எதிர்ப்பக்கம் நின்று வாங்கிக்கொண்டிருந்தார். மிஷின் முனகவில்லை, ஒரே சீராகப் பாடிற்று. அறுபட்ட ஓரம் சோப்புக்கட்டிபோல் வழவழவென்று வந்தது. அதற்குப்பின் அப்பா தினமும் போனார். நானும் தினமும் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து எனக்கும் மாமா மகளுக்கும் சண்டை வந்தது.

“எறங்குளா. எங்க மிஷினு, எங்க பெட்டி.”

“எங்க வாளு இல்லேன்னா ஒங்க மிஷினு சும்மா கெடக்கும். ஒங்கள்ட்ட வாளே இல்ல!”

அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கு இனித்தது. அவள் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பலகை அடுக்குக்குப் பின்னால் போய், ஒரு சாக்கை விலக்கினாள். உள்ளே அவர்கள் வாள். கிரீஸ் பூசி, துணி சுற்றி, பத்திரமாக இருந்தது.

“பாரு! கீறலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கப்பா சும்மா எடுத்து வச்சிருக்கு!”

நான் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். பல் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். கீறல் எங்குமே இல்லை. மாமா பொய் சொல்லி எங்கள் வாளை வாங்கிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என்னைக் கேரியரில் உட்காரவைத்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வெயில் தாழ்ந்து உப்புக் காற்று வீசியது. கேட்டதும் அப்பா திரும்பிப் போய் வாளைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார் என்ற நிச்சயத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் கை கிரீஸையும் காட்டி.

அப்பா சைக்கிளை நிறுத்தவில்லை.

“தெரியும்ளா” என்றார்.

“எப்பம்?”

“கேக்க வந்த அன்னைக்கே. ஒங்க மாமனுக்குப் பொய் சொல்ல வராது. காதச் சொறிஞ்சிட்டே நின்னான்.” கொஞ்ச தூரம் போனபின் மெதுவாகச் சொன்னார்: “நீ அவன்ட்ட சொல்லிராத, என்ன? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்கான். இருக்கட்டும்.”

மறுநாள் காலையில் அரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிப் போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டே ஒரு மனிதர் இவ்வளவு வேகமாக நடந்து போவது எனக்கு விளங்கவேயில்லை. அன்று என்னை வாட்டிய கவலை வேறு. மாமா வீட்டிலும் ஒரு வாள் இருக்கிறது. அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இனி மாமா மகளோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது?