முறிகண்டியில் நிற்காத கார்

கனகராயன்குளத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பழைய கார். கொஞ்ச நாளாக எங்கே நிறுத்தினாலும் எஞ்சின் தானாக அணைந்துவிடும். திரும்ப ஸ்ராட் பண்ண முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துவிடும். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்தக் காரும் போகாதே! அங்கே அணைந்துவிடுமோ என்ற பதற்றத்தில், எஞ்சின் ஓட்டத்தைக் கூட்டுகிற காபரேற்றர் திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டேன்.

கோயிலடியில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தும் கார் உந்திக்கொண்டே போனது. பிறேக்கை மிதித்தும் அடங்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தபோது சக்கரம் வீதியோரம் கச்சான் கடலை நிறைத்து வைத்திருந்த பனையோலைக் கடகத்தில் ஏறியிருந்தது.

கச்சான் விற்ற அக்கா விலகி நின்று கத்தினார். “பிள்ளையாருக்கு நிப்பாட்டுற நீங்கள் எனக்கும் நிப்பாட்டுங்கோவன்!”

பிறகு பார்த்தால், காபரேற்றரின் அடி நட்டு தளர்ந்து காற்று இழுத்திருக்கிறது; அதனால்தான் எஞ்சின் அணைந்திருக்கிறது. இப்போது முதலில் நட்டைப் பார்க்கிறேன். திருகாணியைக் கடைசியில்தான் தொடுகிறேன்.

அந்த அக்கா மட்டும் என் காரைக் கண்டால் இன்னமும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுகிறார்.