வளைவில் எரிந்த விளக்கு

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் அடுக்குமாடியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வைத்தியர் என்பார்கள். மனுஷன் ஒரு காய்ச்சல் மாத்திரைகூட யாருக்கும் கொடுத்தது கிடையாது. கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவருக்கு. வைத்தியமெல்லாம் கார்களுக்குத்தான், அதுவும் போனில்தான்.

எங்கள் கட்டடத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. யாருடைய வண்டியாவது முனகினால் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து குழுவில் போட வேண்டும், அதுதான் வழக்கம். அத்தான் கடையில் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, லென்ஸைத் தேய்த்தபடியே கேட்பார். கை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் டைப் அடிக்க மாட்டார், பேசித்தான் அனுப்புவார். "கேளுங்க" என்று ஆரம்பிக்கும். கனத்த, அவசரமே இல்லாத குரல். "பெல்ட்டுதான். காலையில மட்டும் கத்தும். வெயில் ஏறினா வாயை மூடிக்கும்" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் வம்பே. அடிக்கடி தப்பியிருந்தால் அவ்வளவு தலைக்கனம் ஏறியிருக்காது.

நான் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். படம் எடுக்காமல் எங்கள் டாக்டரம்மா ஒரு பல்லைத் தொட மாட்டார். "வண்டியைப் பார்க்காமலே எப்படி அத்தான் சொல்றீங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நான் சொல்லலைன்னா உன் வண்டி இந்நேரம் பழைய இரும்புக் கடையில இருக்கும்டா" என்றார். அது உண்மைதான்.

அவரிடம் கேட்காத ஒரே ஆள் பாப்பா. அத்தானின் ஒரே மகள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே வேலை கிடைத்ததும் அத்தான் தன் பழைய காரையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த புதிதில் அவளும் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து குழுவில் போட்டாள். உடனே பதில் வந்தது: "கேளுங்க. இது வண்டிச் சத்தம் இல்ல. டிக்கியில பாத்திரம் உருளுது. வண்டியை விட்டுட்டு, ஓட்டுறவங்க காதை முதல்ல சர்வீஸ் பண்ணுங்க." உருண்டது பாத்திரம்தான். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினாள். அதன்பிறகு அப்பாவும் மகளும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். காரைப் பற்றி மட்டும் அவள் மூச்சு விட மாட்டாள். அத்தானும் கேட்க மாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே மூக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மலைமேல் இருந்தாள். மகளைப் பார்க்கப் பஸ்ஸில் போனவள், பள்ளி விடுமுறை விட்டதும் அவளோடு காரிலேயே இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே எங்கள் பார்க்கிங்கில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி. என் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்து அத்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடி பேக்கரிக்காரர் டீ டம்ளரோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அத்தானின் போன் அடித்தது.

"என்னங்க, வண்டியில ஒரு சத்தம் வருது. கேக்குதா பாருங்க" என்றாள் அக்கா.

அத்தான் எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். இரும்பை இரும்பால் அறுப்பது போல ஒரு சத்தம் வந்து வந்து நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கல்லு மாட்டியிருக்கு. சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல. அதுவா விழுந்துடும், வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"எப்போ அந்தச் சத்தம் வருதுன்னு கேக்கலையே அத்தான்?" என்றேன்.

"எப்போ வந்தா என்ன? கல்லு கல்லுதான்."

பேக்கரிக்காரர் அதற்கும் தலையாட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. டீ ஆறுவதற்குள் மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது. என் அக்கா எளிதில் பதறுகிற ஆள் இல்லை.

"என்னங்க, பிரேக் உள்ள போகுதுங்கிறா."

"எவ்வளவு உள்ள?"

"அடி வரைக்கும் போயிடுதாம்."

அத்தான் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். "சிவப்பு விளக்கு எரியுதா? மீட்டர் பக்கத்துல?"

"இப்போ எரியல. கொஞ்ச நாளைக்கு முன்னாடி வளைவுல திரும்பும்போதெல்லாம் எரிஞ்சுதாம். பிரேக் ஆயில் ஊத்தியிருக்கா. போயிடுச்சாம்."

"ஊத்துறதுக்கு முன்னாடி பேடைப் பார்த்தாளா? சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற கட்டை, அது தேஞ்சாத்தான் ஆயில் இறங்கும். அதைப் பார்க்காம எந்த மடையன் ஊத்தச் சொன்னான்?"

என்ஜின் இரைச்சலுக்கு நடுவே பாப்பாவின் குரல் வந்தது. "நீங்கதாம்பா சொன்னீங்க."

"நானா? நீ எப்போ என்கிட்ட கேட்டே?"

"எங்க பி.டி. மாஸ்டர் அனுப்பினார். உங்க குரல்ல இருந்துச்சு. வளைவுல விளக்கு எரிஞ்சா பயப்படாதீங்க, டப்பாவுல இருக்கிற கோடு வரைக்கும் ஆயிலை ஊத்துங்க, இதுக்கெல்லாம் மெக்கானிக்கிட்ட ஓடாதீங்கன்னு."

பேக்கரிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. "அது என் வண்டிக்குச் சொன்னதாச்சே" என்றார். "நான் அப்போதான் புதுப் பேடு போட்டிருந்தேன். வைத்தியர் அதைக் கேட்டுட்டுத்தான் சொன்னார். நல்லா சொல்லியிருக்காரேன்னு நாலு பேருக்கு அனுப்பி வெச்சேன்." கேள்வி ஒரு பதிவில், பதில் இன்னொரு பதிவில். மனுஷன் பதிலை மட்டும் அனுப்பியிருக்கிறார். அது யார் யார் கையோ மாறி மலையேறிப் போயிருக்கிறது.

பேக்கரிக்காரர் சொன்னது அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். அத்தான், "பாப்பா, ரெண்டாவது கியருக்கு வா" என்றதும் அவள் கேட்டாள்: "நிச்சயமாத் தெரியுமாப்பா? இல்ல, இதுவும் வேற யார் வண்டிக்காவது சொன்னதா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் அத்தான் எள்ளும் கொள்ளுமாக வெடித்திருப்பார். அன்றைக்கு இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வண்டிக்குத்தான்மா. நீ பார்த்துச் சொல்லு, நான் கேக்கிறேன். இப்போ எந்த கியர்?"

"மூணு."

"பெடலை விட்டு விட்டு வேகமா மிதி. ஏதாவது பிடிக்குதா?"

"கொஞ்சம். கொஞ்சம்தாம்பா."

"அது போதும். ரெண்டுக்குத் தள்ளு. என்ஜின் கத்தும், கத்தட்டும். எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பிடாதே, ஸ்டியரிங் பூட்டிக்கும். முன்னாடி என்ன தெரியுது?"

"வளைவு. நேரா இறக்கம். அதுக்கப்புறம் ஒரு வளைவு."

"மலைச் சுவர் எந்தப் பக்கம்?"

"அம்மா பக்கம்."

"அங்கே ஒட்டிக்கோ. ஹேண்ட் பிரேக்கோட நுனிப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மெல்ல இழு. வெடுக்குனு இழுத்தா வண்டி சுத்திடும். மெல்ல. அதுக்குத் தனிக் கம்பி, ஆயில் வேண்டாம்."

"அப்பா, எதிர்ல லாரி வருது."

நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. அக்கா ஏதோ சொன்னாள். அத்தோடு போன் செத்துவிட்டது.

அத்தான் மறுபடி மறுபடி அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. பானெட்டை அறைந்து மூடி, அத்தானைத் தோளைப் பிடித்து வண்டியில் உட்கார வைத்தேன். பேக்கரிக்காரர் ஜன்னலோரம் வந்து வாயைத் திறந்தார். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, வழியை விடுங்க" என்று கத்திவிட்டேன். பாவம், டம்ளரோடு அப்படியே ஒதுங்கி நின்றார்.

ஊர் எல்லை தாண்டும்வரை அத்தான் அழைத்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சிக்னலில் நின்றபோது, "எப்போ சத்தம் வருதுன்னு கேட்டியே, அதை நான் கேட்டிருக்கணும்டா" என்றார். "பிரேக் போடும்போது மட்டும்தான் வந்திருக்கும். கல்லுன்னா எப்பவும் கேட்டிருக்கும்." ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது. ஆனால் என் அக்காவும் அந்த வண்டியில் இருந்தாள். அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

மலை ஏறத் தொடங்கும் இடத்தில் போன் அடித்தது. அத்தான் எடுத்தார், "ம்" என்றார், போனை என்னிடம் நீட்டினார்.

"நின்னுடுச்சுடா" என்றாள் அக்கா. "மலைச் சுவர்ல உரசி உரசிக் கொண்டுவந்து நிறுத்திட்டா. லாரிக்காரர் ஒதுங்கிக்கிட்டார், பாவம். என் பக்கக் கண்ணாடி போச்சு. நாங்க முழுசா இருக்கோம். அவர்கிட்ட சொல்லு, முதல்ல தண்ணி குடிக்கச் சொல்லு."

நாங்கள் போனபோது கார் மண் சுவரில் சாய்ந்தாற்போல நின்றது. முன் சக்கரங்களில் கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பெயின்ட் உரிந்து கிடந்தது. அக்கா ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். அத்தானைப் பார்த்ததும், "உங்க கல்லு இன்னும் விழலைங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தவள் அழுதுவிட்டாள்.

அத்தான் நேராகச் சக்கரத்துக்குப் போய் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். கட்டை இருந்த சுவடே இல்லை. வெறும் இரும்பு இரும்பை உழுதிருந்தது. உழுத சூட்டில் ஆயிலும் கொதித்துப் போயிருக்கும், அதனால்தான் பெடல் அடிவரை போயிருக்கிறது என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பாப்பா கொஞ்சம் தள்ளி, கைகளை அக்குளில் திணித்துக்கொண்டு நின்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று எழுந்திருக்காமலே கேட்டார்.

"கேட்டா எல்லார் முன்னாடியும் சிரிப்பீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "மெக்கானிக்கிட்ட விடலாம்னுதாம்பா இருந்தேன். சாவியைக்கூட எடுத்துட்டேன். அப்போதான் மாஸ்டர் அனுப்பினது வந்துச்சு. வேற யார் பேசியிருந்தாலும் போயிருப்பேன். உங்க குரல். அதான் போகலை."

அத்தான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பாப்பா வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். அவர் முதுகில் கையை வைத்தாள்.

அன்று மாலையே குழுவில் இன்னொரு பதிவு போட்டார். பழையதை அழிக்கப் பார்த்தார், நாளாகிவிட்டதால் முடியவில்லை. பேடைப் பார்க்காமல் யாரும் ஆயில் ஊற்றாதீர்கள், நான் முன்பு சொன்னது ஒரே ஒரு வண்டிக்குச் சொன்னது, இதையும் எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று கெஞ்சினார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதை யாரும் யாருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை. ஓடாதீங்க, பயப்படாதீங்க என்பதில் இருந்த ருசி இதில் இல்லை போலிருக்கிறது. பாப்பா மட்டும் மறுபடி குழுவில் சேர்ந்து, அதைத் தன் பள்ளிக்கூட ஆட்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

அதற்கப்புறம் ஒருநாள் கண்ணாடி மாற்ற அத்தானின் கடைக்குப் போயிருந்தேன். லென்ஸ் வாங்க வந்த ஒருவர் காத்திருக்கும் நேரத்தில் தன் கார்ப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். "வளைவுல விளக்கு எரிஞ்சுதுங்க. இந்தாங்க, இதைக் கேட்டேன், ஊத்தினேன், போயிடுச்சு" என்று போனைத் தட்டினார். "கேளுங்க" என்று ஆரம்பித்தது. கனத்த, அவசரமில்லாத குரல். "யாரோ பெரிய எக்ஸ்பர்ட். குரலைக் கேட்டாலே தெரியுது பாருங்க."

அத்தான் தேய்க்கிற மெஷினை நிறுத்தினார். "வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். ஏப்ரனோடு தெருவில் மண்டியிட்டு, சக்கரக் கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். ஒரு சீட்டுக்கட்டு அட்டையின் கனம்கூடக் கட்டை மிச்சம் இல்லை.

"என்ன பண்றீங்க?" என்றார் வண்டிக்காரர். "நீங்க கண்ணாடிக் கடைக்காரர்தானே. அவரைவிட உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

"அந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் அத்தான். "பார்க்காமலே பேசுவான். நம்பாதீங்க."

சாவியைக் கேட்டு வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழைத்துவர என்னை அனுப்பினார். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றும்வரை அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.